பங்குனி உத்தரம் வரைக்கும்

மாலை கழற்றும் நாளுக்காகச் சுபத்திரா அறுபது நாளாகக் காத்திருந்தாள். மன்னார் அரசாங்கக் கச்சேரியில், பெண்கள் சுகாதாரத் திட்டம் பார்க்கிற அவளுடைய மேசைக்கு முன்னால் தொங்கிய கலண்டரில் ஒவ்வொரு நாளும் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பாள். யாராவது கேட்டால் திட்ட அறிக்கைக்கு என்று சொல்ல நினைத்திருந்தாள். யாரும் கேட்கவில்லை.

அவளுடைய கணவன் பிரணவன் நானாட்டானில் உழவு மெசின் ஓட்டுகிறவன். கலியாணம் முடித்து மூன்று வருடத்துக்கு மேலாகிறது. மூன்று வருடமும் கார்த்திகை முதலாம் திகதி ஐயப்பனுக்கு மாலை போட்டான். கறுப்பு வேட்டி, வெறும் கால், தரையில் பாய். மாலை போட்டவனை வீட்டில் எல்லோரும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். பெற்ற தாயும் சாமி என்பாள், கட்டினவளும் சாமி என்பாள். "சாமி, தேத்தண்ணி." "சாமி, துவாய் கொடியில கிடக்கு." சாமியைத் தொடக்கூடாது.

அந்த அறுபது நாள் மட்டும் என்றால் அவள் பொறுத்திருப்பாள். புரட்டாசியில் சனி விரதம். பிறகு கௌரிக்காப்பு இருபத்தொரு நாள். அது முடிந்த கையோடு கந்தசட்டி. அதன் பின் மாலை. மாலை இறங்கினால் தைப்பூசம், சிவராத்திரி என்று அவன் ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவான். ஊரில் அவனுக்குப் பெயர் வந்துவிட்டது. "உனக்கென்ன பிள்ளை, குடியில்லை, வெத்திலை இல்லை, சாமி மாதிரிப் புருசன்" என்று கிணற்றடியில் பெண்கள் சொல்வார்கள். மாதிரி எங்கே, சாமியேதான் என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொள்வாள்.

விரதம் இல்லாத நாட்களில் அவனுக்கு நாரி உழைவு, இடுப்பு நோகுது என்பான். கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பான். கலியாணம் முடித்த புதிதில் அப்படி இல்லை. இரண்டு மாதம் நன்றாகத்தான் இருந்தார்கள். பிறகு ஒருநாள் அவளோடு இருந்துவிட்டு எழும்பினவன், கட்டில் விளிம்பில் குனிந்து உட்கார்ந்து இரண்டு கையையும் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். முதுகெல்லாம் வியர்வை. "என்னப்பா?" என்று கேட்டாள். "ஒண்டுமில்லை. நீ படு" என்றான். அதற்குப் பிறகு அவன் பக்கத்தில் வருவது குறைந்தது, பிறகு நின்றது.

அருவருப்பு என்று அவள் நினைத்தாள். வேறு என்னத்தை நினைப்பது? கண்ணாடிக்கு முன்னால் நின்று தன் கறுப்பைப் பார்த்தாள், பல்லைப் பார்த்தாள். அவளுடைய அப்பா மற்றவர்களின் வயலில் வெட்டுக்குப் போகிறவர். அவர்கள் பரம்பரையிலேயே முதன்முதலாகக் கம்பஸ் வாசல் மிதித்தவள் அவள்தான். படித்த திமிர் பிடிக்கவில்லையோ என்றும் யோசித்தாள். ஒரு பெண்ணுக்குத் தன்னில் குறை தேடச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. பிறந்ததிலிருந்து அதுதான் பயிற்சி.

மாமியார் வசந்தமலருக்குப் பேரப்பிள்ளை வேண்டும். "குறை எங்க எண்டு ஒருக்காப் பாப்பமே" என்று மருமகளைத்தான் கிளினிக் கிளினிக்காகக் கொண்டு திரிந்தாள். இரத்தம் எடுத்தார்கள், ஸ்கான் செய்தார்கள். எல்லாம் சரி, அவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ என்றார்கள். வந்து சொன்னபோது பிரணவன், "மாலை போட்டிருக்கிறன், இப்ப எப்பிடி வாறது" என்றான். மாமியார் அதை ஒப்புக்கொண்டு மருமகளுக்குக் கசாயம் காய்ச்சினாள். மூன்று மாதம் அந்தக் கசப்பைக் குடித்தவள் சுபத்திரா.

அவன் மெசின் சீற்றில் மோட்டச்சைக்கிள் ரியூப் ஒன்றைப் பாதிக் காற்றோடு வளையமாகக் கட்டி, மேலே சாக்குப் போட்டு அதில்தான் உட்காருவான். வயற்காரர் எல்லாம் சிரித்தார்கள். அவளும் ஒருநாள், "ராசாவுக்குச் சிம்மாசனம் இல்லாமல் உழவு வராதோ" என்று கேட்டாள். அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டேதான் ஏறி இருந்தான்.

தை மாதம் இரண்டாம் நாள் மாலை கழற்ற வீட்டிலேயே பூசையும் அன்னதானமும் வைத்தார்கள். சுபத்திரா கந்தோரில் இரண்டு நாள் லீவு எடுத்திருந்தாள். கட்டிலுக்குப் புது விரிப்பு வாங்கி, தோய்த்து, காயவைத்து விரித்திருந்தாள். காலையில் தலை முழுகினாள். இன்றைக்கு அவனிடம் நேராகக் கேட்பது என்று தீர்மானித்திருந்தாள். கோபப்படாமல் கேட்க வேண்டும் என்று கண்ணாடிக்கு முன்னால் சொல்லியும் பார்த்திருந்தாள்.

குருசாமி செல்வநாயகம், சங்கக்கடை மனேச்சராக இருந்து பென்சன் எடுத்தவர். அவர் சரணம் சொல்லி மாலையில் கை வைத்தார். பிரணவன் அந்தக் கையைப் பிடித்தான்.

"குருசாமி, பங்குனி உத்தரத்துக்குப் பாற்காவடி எடுக்கிறதா நேர்ந்திருக்கிறன். அதுவரைக்கும் மாலை கிடக்கட்டும்."

"உத்தரம் மட்டுமோ? இன்னும் மூண்டு மாசம் கிடக்கேப்பா."

"ஓம். மூண்டு மாசம்."

"சாமியே சரணம்" என்றார் குருசாமி, கண் கலங்கி. பந்தலில் இருந்தவர்களும் சொன்னார்கள். வசந்தமலர் சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "என்ர பிள்ளை கொடுத்து வைச்சவன்" என்றாள்.

பருப்பு வாளியும் அகப்பையுமாக நின்ற சுபத்திராவுக்கு முதலில் ஒன்றும் கேட்கவில்லை. புது விரிப்புத்தான் கண்ணுக்குள் வந்தது. பிறகு அவளுடைய வாய் தன்பாட்டில் திறந்தது.

"கழட்டமாட்டார். கழட்டினா வெளிச்சமாப் போயிடுமே."

"என்ன பிள்ளை சொல்லுறாய்?" என்றாள் வசந்தமலர்.

"குறை எங்க எண்டு கேட்டுக்கொண்டு திரிஞ்சனீங்கள், மாமி. இந்தா நிக்குது. இவர் ஆம்பிளை இல்லை. அதை மறைக்கத்தான் மாலை. மூண்டு வருசமா ஐயப்பனை அறை வாசலில காவலுக்கு விட்டிட்டு உள்ள படுத்திருக்கிறார்."

அவள் கத்தவில்லை. கூட்டத்தில் அறிக்கை வாசிக்கிற குரலில்தான் சொன்னாள். நாற்பது பேர் இலைக்கு முன்னால் இருந்தார்கள். எவருடைய வாயிலோ அப்பளம் நொறுங்கி நின்றது.

பிரணவன் அவளைப் பார்த்தான். அவன் அடிப்பான் என்று அவள் எதிர்பார்த்தாள், அடித்தால் நல்லது என்றும் இருந்தது. அவன் வந்து அவள் கையிலிருந்த வாளியை வாங்கி, விட்ட இடத்திலிருந்து பருப்பு விட்டுக்கொண்டு போனான். கடைசி இலை வரைக்கும் விட்டான். இலைக்கு இலை குனிந்து, நிமிர்ந்து, குனிந்து.

அன்று பின்னேரமே அவள் ஸ்கூட்டியில் இரண்டு பையோடு மன்னாருக்கு வந்து, தெரிந்த ஆமினா ரீச்சர் வீட்டில் ஒரு அறை எடுத்தாள். அவன் வந்து சண்டை பிடிப்பான் என்று காத்திருந்தாள். வரவில்லை. நான்கு முறை அவளே உடுப்பு எடுக்கிற சாட்டில் வீட்டுக்குப் போனாள். நான்கு முறையும் ஸ்கூட்டி வாசல் படலைக்கு வரும்போது அவன் பின்பக்கத்தால் வயலுக்குப் போயிருந்தான். கடைசியில் விவாகரத்துக்கு லோயரைப் பார்த்தாள். லோயரின் கடிதத்துக்கு ஒரு வாரத்தில் பதில் வந்தது. சம்மதம் என்று எழுதி, அடியில் பள்ளிக்கூடப் பிள்ளையின் எழுத்தில் கையெழுத்து.

மாசி கடைசியில் றமீஸ் கச்சேரிக்கு வந்தான். மறிச்சுக்கட்டி ஊர்க்காரன். நானாட்டானில் மெசின் திருத்துகிற கராச் வைத்திருக்கிறான். பிரணவனுக்குக் கூட்டாளி என்றால் அவன் ஒருவன்தான். சுபத்திரா அவனை அண்ணன் முறையில் நானா என்பாள். மேசைக்கு முன்னால் கதிரை இருந்தும் அவன் இருக்கவில்லை. கிறீஸ் மணக்கிற சொப்பிங் பையை மேசையில் வைத்தான்.

"இது என்ர கராச் அலுமாரிக்குள்ள கிடந்தது தங்கச்சி. வீட்டில வைக்க ஏலாது எண்டு என்னட்டத் தந்து வைச்சவன், வந்து வந்து எழுதிப்போட்டுப் போவான். நான் கொண்டு வந்தது தெரிஞ்சா என்னை ஸ்பானராலேயே அடிப்பான்."

"என்ன றமீஸ் நானா இது?"

"படிச்சவ நீங்கள். படிச்சுப் பாருங்கோ."

பைக்குள்ளே டொக்டர்மார் எழுதின மருந்துத் துண்டுகளும் ஒரு கிளினிக் கொப்பியும் இருந்தன. முதல் துண்டின் திகதியைப் பார்த்தாள். கலியாணம் முடிந்து மூன்றாம் மாதம். சிறுநீர் போகும்போது எரிவு, கீழ் வயிற்றிலும் உட்காரும் இடத்திலும் நோ, மனைவியோடு சேர்ந்த பிறகு தாங்க முடியாத நோ என்று ஒரு டொக்டர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். கிருமிக்குக் குளிசை, பதினான்கு நாள்.

"அந்த டொக்டர் என்ன கேட்டவர் தெரியுமோ?" என்றான் றமீஸ். "கொழும்புப் பக்கம் எங்கயும் போய் வந்தனீரோ எண்டு. இவன் வவுனியா தாண்டாதவன். மனிசிக்கும் குளிசை குடுக்க வேணும், கூட்டிக்கொண்டு வாரும் எண்டிருக்கிறார். அண்டையோட இவன்ர வாய் மூடிப்போச்சு. குளிசைப் பேரைப் பாத்தே அவ கண்டுபிடிச்சிடுவா, நான் ஊர் மேயிறவன் எண்டு நினைப்பா எண்டான்."

அவள் அடுத்த துண்டை எடுத்தாள். வவுனியாவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, வேறு குளிசை, இருபத்தெட்டு நாள். பிறகு ஒரு நாட்டு வைத்தியரின் சூரணம். பிறகு மறுபடி கிருமிக் குளிசை. சிறுநீர்ச் சோதனை மூன்று தரம் செய்திருந்தார்கள், மூன்றிலும் கிருமி இல்லை. இல்லாத கிருமிக்கு மூன்று வருடம் மருந்து விழுங்கியிருக்கிறான். ஒரு துண்டில் அவளுடைய பிறந்தநாள் திகதி இருந்தது. அன்றைக்கு அவன் காலையில் போய் இருட்டுப்பட்ட பிறகு வந்தான், கேக் வெட்டவில்லை, அவள் இரண்டு நாள் பேசவில்லை.

கொப்பி, கடந்த மார்கழியில் யாழ்ப்பாணத்தில் சிறுநீர்ப்பாதைக் கிளினிக்கில் திறந்தது. அங்கே ஒரு டொக்டர் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தார். அதன் கீழே, பிசியோதெரப்பி என்கிற இயன்மருத்துவம் செய்கிற யாரோ ஒரு பெண் உருண்டைக் கையெழுத்தில் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தாள். *இது புறொஸ்டேட் சுரப்பியையும் இடுப்பின் அடித் தசையையும் பிடித்த நாட்பட்ட நோ. தொற்று இல்லை. புற்றுநோய் இல்லை. ஆண்மைக் குறைவு இல்லை.* கடைசி வசனத்தின் கீழ் அவன் பென்சிலால் கோடு இழுத்திருந்தான். கோடு தடித்திருந்தது. பல தரம் இழுத்திருக்கிறான்.

மிச்சம் வைத்தியம். சிறுநீர்ப்பாதையைத் தளர்த்த ஒரு குளிசை, நரம்பு நோவுக்குப் படுக்கைக்கு முன் சின்னதாக ஒன்று. காலையும் மாலையும் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்ட பேசினில் கால்மணி நேரம் இருக்க வேண்டும். மெசினில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக்கூடாது. உறைப்பும் சாயத் தேத்தண்ணியும் குறைக்க வேண்டும். மல்லாந்து படுத்து, முழங்காலை விரித்து, மூச்சை வயிற்றுக்கு இழுத்து, இறுகின தசையை விடப் பழக வேண்டும். பயத்திலும் வெட்கத்திலும் அது இறுகும், எப்போது இறுகுகிறது என்று கவனித்துக் குறித்துக்கொண்டு வாருங்கள். ஆளுக்கு ஆள் வேறுபடும், மூன்று மாதம் விடாமல் செய்து பார்ப்போம், அதுவரை மனைவியோடு சேர அவசரப்பட வேண்டாம்.

தொடங்கின திகதி, தை பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னம்.

"மூண்டு மாசம்" என்றாள் சுபத்திரா.

"ஓம். மூண்டு மாசத்துக்கு வீட்டில என்னத்தைச் சொல்லுறது? கலண்டரை விரிச்சு வைச்சுக்கொண்டு என்ர பெஞ்சில இருந்துதான் தேடினவன். பங்குனி உத்தரம் சரியா வந்து விழுந்துது. அப்பிடிச் சிரிச்சான் தங்கச்சி. உத்தரத்தண்டு மாலையைக் கழட்டிப்போட்டு உங்கள மடு மாதா கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் எல்லாத்தையும் சொல்லப்போறன் எண்டான். நீங்கள் ரெண்டு பேரும் முதல் கண்டது மடுத் திருவிழாவிலதானாமே."

கொப்பியில் அடுத்த பக்கத்தில் ஒரு திகதி. *மனைவியையும் கூட்டி வரவும்.* பக்கத்தில் பென்சிலால்: *சுபாட்ட எப்பிடிச் சொல்லுறது?*

அவளுடைய முதுகுக்குப் பின்னால் இருந்த அறிவித்தல் பலகையில் அவள் கையால் குத்திய போஸ்டர்கள் தொங்கின. மார்பகப் புற்றுநோய். குடும்பத் திட்டம். இரும்புச் சத்து. முசலியிலிருந்து தலைமன்னார் வரைக்கும் பெண்களைக் கூட்டி வைத்து, கூச்சப்படாமல் சொல்லுங்கோ, உடம்பைப் பற்றிக் கதைக்க என்ன வெட்கம் என்று மைக் பிடித்தவள் அவள். ஆம்பிளைக்கு அந்தப் பலகையில் ஒரே ஒரு போஸ்டர்தான் இருந்தது. குடிக்காதே.

கடைசிப் பக்கத்தில் அவன் குறித்து வைத்தது. எப்ப இறுகுது என்று தலைப்பு. மெசின், பள்ளத்தில விழேக்க. குருசாமியைக் கண்டால். அம்மா பேரப்பிள்ளை எண்டு சொல்லேக்க. அதன் கீழே ஸ்கூட்டி என்று எழுதி நான்கு கோடு. குலுக்கம் கூடாது போலும் என்று நினைத்து அவள் கொப்பியை மூடினாள்.

அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு நானாட்டானுக்குப் போனாள். வெட்டு முடிந்த வயல், வைக்கோல் மணம். வாய்க்கால் கட்டின் மேல் மெசின் நின்றது. மருத மரத்தின் கீழ் சாக்கு விரித்து, பிரணவன் மல்லாந்து படுத்து முழங்காலை விரித்துக் கண்ணை மூடியிருந்தான். வயிறு மெல்ல உயர்ந்தது, இறங்கியது. ஸ்கூட்டி கட்டுக்கு ஏறின சத்தத்தில் கண் திறந்து, எழும்பி, சாரத்தைச் சரி செய்தான். கழுத்தில் மாலை இல்லை.

"மாலை எங்க?"

"அண்டைக்கே கழட்டிட்டன். இனி மறைக்க என்ன கிடக்கு?"

அவள் பையை நீட்டினாள். அவன் பார்த்தான், வாங்கவில்லை.

"றமீஸ் தந்தவனோ?"

"ஓம்."

"அவனுக்கு வாய் கூட." சாரத்தில் ஒட்டின வைக்கோலைத் தட்டினான். "முழுக்க வாசிச்சனியோ?"

"வாசிச்சன். ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை? நான் ஆர் உங்களுக்கு? ஊரில இருக்கிற பொம்பிளையளெல்லாம் எனக்குச் சொல்லுவினம், நீங்கள் சொல்லமாட்டியளோ?"

"நீ அதுகளுக்கு மிஸ். எனக்கு மனிசி."

அவள் அழுதாள். அழுதுகொண்டே சொல்ல வந்ததைச் சொன்னாள். தெரியாமல் சொல்லிப்போட்டேன் என்றாள். லோயரை நிற்பாட்டுகிறேன், அடுத்த கிளினிக்குக்குத் தானும் வருகிறேன், மூன்று மாதம் இல்லை மூன்று வருடம் என்றாலும் இருக்கிறேன், பிள்ளை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பேசினில் தண்ணீர் சுட வைத்துத் தருகிறேன் என்றாள். குருசாமி வீட்டுக்கும் கிணற்றடிக்கும் போய் நான் சொன்னது பொய் என்று சொல்லுகிறேன் என்றாள்.

"வேண்டாம். அவையள் மறந்திடுவினம். மெசின் தேவைப்பட்டா வந்து சிரிப்பினம், சிரிக்கினம்தான்." அவன் நின்றுகொண்டேதான் பேசினான். "சுபா, நீ அண்டைக்குச் சொன்னது பொய் எண்டா எனக்குக் கோவம் வந்திருக்கும். கோவம் வரேல்லை. ஏனெண்டா மூண்டு வருசமா நான் எனக்குள்ள அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். கொப்பியில அப்பிடி இல்லை எண்டு எழுதித் தந்து அண்டைக்கு நாலு நாள். நாலே நாள். அதை அப்பத்தான் நம்பத் தொடங்கினனான்."

"இப்ப நோ எப்பிடி?"

"பரவாயில்லை. நல்லாக் குறைஞ்சிட்டுது. இப்ப ரியூப் இல்லாமலே அரைமணி நேரம் இருக்கிறன். ராத்திரியில ஒருக்காத்தான் எழும்புறன்." அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு சின்னச் சந்தோசம் வந்தது. கலியாணம் முடித்த முதல் இரண்டு மாதத்துக்குப் பிறகு அவள் அதைப் பார்த்ததில்லை. அடுத்த கணம் அது போய்விட்டது.

"அப்ப நான் வீட்டுக்கு வாறன்."

அவன் கட்டின் மேல் நின்ற ஸ்கூட்டியைப் பார்த்தான்.

"கடைசிப் பக்கம் வாசிச்சனியோ?"

"ஓம். ஸ்கூட்டி எண்டு. நீங்கள் ஸ்கூட்டி ஓடுறேல்லையே."

"நான் ஓடுறதில்லை." அவன் குரல் தாழ்ந்தது. "படலையில உன்ர ஸ்கூட்டிச் சத்தம் கேட்டா அந்த இடம் கல்லு மாதிரி இறுகுது. நாலு தரமும் அப்பிடித்தான். பிறகு ரெண்டு நாளைக்கு நோ. நான் வேணுமெண்டு செய்யிறேல்லை. மூச்சை இழுத்துப் பாத்தனான், விட்டுப் பாத்தனான். கேக்குதில்லை. மனசு உன்னைப் பிழை சொல்லேல்லை சுபா. உடம்புதான்."

"இப்பவுமோ?"

அவன் பொய் சொல்லத் தெரிந்தவன். மூன்று வருடம் சொன்னவன். இன்றைக்கு ஒரு பொய் சொல்லமாட்டானா என்று அவள் அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இப்பவும்தான்" என்றான்.

நெற்றியில் வியர்த்திருந்தது. இரண்டு கையும் பொத்தியிருந்தன. கலியாணம் முடித்த மூன்றாம் மாதம் கட்டில் விளிம்பில் பார்த்த அதே கை. அன்றைக்கு அவள் அதை அருவருப்பு என்று வாசித்தாள். பதினாறு வருடப் படிப்புக்கு அதைச் சரியாக வாசிக்கத் தெரியவில்லை.

தொட்டால் என்ன என்று ஒரு கணம் நினைத்தாள். தொடவில்லை. கிளினிக் கொப்பியை மட்டும் எடுத்து மெசின் சீற்றில், சாக்கின் மேல் வைத்தாள்.

"அடுத்த கிளினிக் எப்ப?"

"வாற செவ்வாய். றமீஸ் வாறான்."

"போங்கோ. விடாமப் போங்கோ."

"ஓம்."

"படுங்கோ. நான் வந்ததில பாதியில விட்டிட்டியள்."

அவன் தயங்கினான். பிறகு சாக்கில் மெல்ல இருந்து, மல்லாந்து, கண்ணை மூடிக்கொண்டான்.

சுபத்திரா ஸ்கூட்டியின் ஸ்டாண்டைத் தட்டினாள். சாவியைப் போடப் போன கை பாதியில் நின்றது. சாவியை எடுத்துப் பைக்குள் வைத்தாள். ஹாண்டிலைப் பிடித்து, வாய்க்கால் கட்டு வழியே உருட்டத் தொடங்கினாள். பிரதான வீதிக்கு முக்கால் கிலோமீற்றர் இருந்தது. வெயில் நேராக அடித்தது. வைக்கோல் ஏற்றிக்கொண்டு எதிரே வந்த கிழவர் ஒருவர், "பிள்ளை, பெற்றோல் முடிஞ்சுதோ?" என்று கேட்டார்.

"ஓம் ஐயா" என்றாள்.

வீதிக்கு ஏறின பிறகும் அவள் ஸ்டார்ட் பண்ணவில்லை. திரும்பிப் பார்த்தாள். மருத மரம் இன்னும் தெரிந்தது. மரம் தெரிகிற தூரத்துக்குச் சத்தமும் கேட்கும் என்று, இன்னும் கொஞ்சத் தூரம் உருட்டிக்கொண்டு போனாள்.